வீட்டுக்கு வருபவர்களுக்கு என்எஃப்சி டேக் வழியாக வைஃபை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் மூன்றாவது மாடி வீடு எங்களுடையது. ஒரு காலத்தில் டெலிபோன் உட்கார்ந்திருந்த மரப்பலகையில் இப்போது ஒரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அதுதான் என்எஃப்சி டேக், போன் ஒட்டினாற்போல் நெருங்கினால் கம்பியில்லாமல் அதனோடு பேசும். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே சின்னது. வருகிறவர்கள் போனை அதன் மேல் வைத்தால், வைஃபையில் சேரவா என்று போன் கேட்கும். சேர் என்றால் சேர்ந்துவிடும்.

போன நவராத்திரிக்குக் கொலு பார்க்க வந்தவர்கள் சுண்டலைப் பற்றிக் கேட்டதைவிட இந்த ஸ்டிக்கரைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துப்போனதால், வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

இந்த டேக் என்பது என்ன? இதற்கு பேட்டரி உண்டா?

பேட்டரி கிடையாது. ஸ்டிக்கருக்குள் மெல்லிய செம்பு அல்லது அலுமினியச் சுருள் ஒன்றும், கடுகளவு சிப் ஒன்றும் இருக்கும். அவ்வளவுதான். போனின் முதுகில் இருக்கும் என்எஃப்சி ஆன்டெனா 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. டேக் அதற்குள் வந்ததும் சுருளில் கொஞ்சம் மின்சாரம் பிறக்கிறது, சிப் விழித்துக்கொள்கிறது, தன்னிடம் எழுதியிருப்பதைச் சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கிவிடுகிறது. தூரம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான், மிஞ்சினால் நான்கு. மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் கார்டைக் காட்டினால் கதவு திறக்கிறதே, அதுவும் இதே அலைவரிசைதான்.

நோக்கியா, பிலிப்ஸ், சோனி மூன்றும் சேர்ந்து 2004-இல் இதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கின. அதனால் எந்தக் கம்பெனி டேக் வாங்கினாலும் எந்தக் கம்பெனி போனாலும் படிக்க முடிகிறது.

பாஸ்வேர்டை வாயால் சொல்லிவிட்டால் போதாதா?

போதும், எட்டு எழுத்தாக இருந்தால். எங்கள் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று சொல்கிறேன். பெரியப்பா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "கேபிடல் எஸ்ஸா, சின்ன எஸ்ஸா?" என்பார். அடுத்து, "அட் சிம்பல் எங்கடா இருக்கு இதுல?" என்பார். மூன்றாம் தடவையும் தப்பானதும் போனையே என்னிடம் நீட்டிவிடுவார். அதற்குள் சமையலறையிலிருந்து காபி வந்து ஆறிப்போயிருக்கும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. சொல்ல வசதியாக இருக்கட்டும் என்று பாஸ்வேர்டை எளிதாக்கிவிடுகிறோம். வீட்டுக்காரர் மொபைல் எண், பிள்ளையின் பெயரோடு 123, பிளாட் எண் இப்படி. எங்களுக்கு இணைப்பு கொடுக்க வந்த பையன் கேட்காமலேயே என் மொபைல் எண்ணைப் பாஸ்வேர்டாக வைத்துவிட்டுப் போனான். கீழ்வீடு, எதிர்வீடு எல்லாவற்றிலும் அப்படித்தான் செய்திருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. டேக் இருந்தால் பாஸ்வேர்டை யாரும் தட்டச்சு செய்யப்போவதில்லை, அதனால் நீளமாகவே வைக்கலாம்.

டேக் வாங்கும் முன் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு. என்னைக் கேட்டால் டேக்கைவிட இதுதான் முக்கியம்: கெஸ்ட் நெட்வொர்க், அதாவது வருகிறவர்களுக்கென்று அதே ரவுட்டரில் தனியாக ஓடும் இன்னொரு வைஃபை.

டேக் என்பது வாசல் ஆணியில் மாட்டிய சாவி மாதிரி. அது எந்த அறைக்குச் சாவி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். உங்கள் வீட்டின் முதன்மை வைஃபையில் லேப்டாப் இருக்கிறது, பிரிண்டர் இருக்கிறது, ஸ்மார்ட் டிவி இருக்கிறது, சிலர் வீட்டில் வாசல் கேமராவும் இருக்கிறது. விருந்தாளியின் போனில் என்னென்ன ஆப் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. அந்தப் போனை இவற்றோடு ஒரே வரிசையில் உட்கார வைக்க வேண்டியதில்லை.

இப்போது வீடுகளுக்கு வரும் ஃபைபர் பெட்டிகள், ரவுட்டர்கள் பெரும்பாலானவற்றில் கெஸ்ட் நெட்வொர்க் வசதி இருக்கிறது. பிரவுசரில் 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ அடித்தால் ரவுட்டரின் உள்பக்கம் திறக்கும். சரியான முகவரியும் லாகின் விவரமும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். கெஸ்ட் நெட்வொர்க் என்ற பகுதிக்குப் போய், அதை ஆன் செய்து, தனிப் பெயரும் தனிப் பாஸ்வேர்டும் கொடுங்கள். "கெஸ்ட்கள் வீட்டு நெட்வொர்க்கைப் பார்க்கலாமா?" என்கிற மாதிரி ஒரு கட்டம் இருந்தால் டிக் வைக்காமல் விடுங்கள். ரவுட்டரின் லாகின் பாஸ்வேர்ட் இன்னமும் அட்மின் என்றே இருந்தால், உள்ளே போன கையோடு அதையும் மாற்றிவிடுங்கள்.

அலைவரிசை கேட்டால் கெஸ்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் போதும். வேகம் குறைவுதான், ஆனால் சுவரைத் தாண்டிப் போகும். எங்கள் கட்டடம் பழையது, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் ஹாலைத் தாண்டி பின்கட்டுக்குப் போவதற்குள் மூச்சு வாங்கும்.

உங்கள் ரவுட்டரில் கெஸ்ட் வசதியே இல்லையென்றால்? டேக் வைக்கலாம், ஆனால் வீட்டுக்குள் அடிக்கடி வருகிறவர்களுக்கு மட்டும். ஹாலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டாம்.

எந்த டேக் வாங்குவது? எங்கே கிடைக்கும்?

என்டேக் 213 என்று கேளுங்கள், டேக்குக்குள் இருக்கும் சிப்பின் பெயர் அது. இதில் 144 பைட் எழுதலாம். 215 என்றால் 504 பைட், 216 என்றால் 888 பைட். வைஃபைக்கு 213-ஏ தாராளம். நெட்வொர்க் பெயர் 10 எழுத்து, பாஸ்வேர்ட் 14 எழுத்து என்றால் எல்லாம் சேர்ந்து 100 பைட்டுக்குள் அடங்கிவிடும். பாஸ்வேர்டை 63 எழுத்து வரை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் மட்டும் 215 வாங்குங்கள்.

ஆன்லைனில் பத்து, இருபது என்று கட்டாகக் கிடைக்கிறது. அவசரமென்றால் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் விசாரிக்கலாம். ஆனால் "என்எஃப்சி" என்று மட்டும் கேட்டால் ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையோடு இணைக்கும் ரீடர் போர்டையோ, சாவிக்கொத்தில் மாட்டும் வேறு வகை டேக்கையோ கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சாவிக்கொத்து டேக்கில் பல 125 கிலோஹெர்ட்ஸ் வகை. போனால் அவற்றைப் படிக்கவே முடியாது. வாங்கும் இடத்திலேயே போனை மேலே வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். புது டேக் என்றால், காலியாக இருக்கிறது என்றாவது போன் சொல்லும்.

பழைய மெட்ரோ கார்டை இதற்குப் பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். அதில் நாம் எழுத முடியாதபடி பூட்டியிருப்பார்கள்.

டேக்கில் எழுதுவது எப்படி?

போனில் "என்எஃப்சி டூல்ஸ்" ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள். என்எக்ஸ்பி நிறுவனத்தின் "டேக்ரைட்டர்" ஆப்பும் இருக்கிறது, இரண்டும் இலவசம். செட்டிங்ஸில் என்எஃப்சி ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆப்பில் எழுது என்ற பகுதிக்குப் போய், புதுப் பதிவு சேர், அதில் வைஃபை நெட்வொர்க் என்று போனால் நான்கு கட்டங்கள் வரும். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2 பர்சனல், குறியாக்க வகையில் ஏஇஎஸ், பிறகு நெட்வொர்க் பெயர், கடைசியில் பாஸ்வேர்ட். பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி எல்லாம் ரவுட்டரில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். பெயரின் கடைசியில் தெரியாமல் விழுந்த ஒரு இடைவெளிக்காக நான் அரை மணி நேரம் தேடியிருக்கிறேன்.

எழுது என்பதை அழுத்திவிட்டு டேக்கின் மேல் போனை வைத்து அசையாமல் பிடியுங்கள். ஒரு நொடிதான். நடுவில் எடுத்துவிட்டால் பாதி எழுதியதாகி டேக் குழம்பும், ஆனால் கெட்டுப்போகாது. மறுபடி எழுதினால் சரியாகிவிடும். ஒரு டேக்கில் லட்சம் தடவை எழுதலாம், எழுதியது பத்து வருடம் நிற்கும் என்பது சிப் தயாரிப்பாளர் தரும் கணக்கு. பத்து வருடத்தில் எத்தனை ரவுட்டர் மாறுமோ!

எழுதியதும் உங்கள் போனிலேயே சோதிக்காதீர்கள். அது ஏற்கெனவே அந்த நெட்வொர்க்கை அறிந்திருக்கும், பாஸ்வேர்ட் தப்பாக இருந்தாலும் சேர்ந்துவிட்ட மாதிரி தெரியும். இதுவரை சேராத போன் ஒன்றில் வைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டால் போதும், கேட்காமலே ஓடி வருவான்.

நெட்வொர்க் பெயரைத் தமிழில் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் இடம் நெருக்கடி. நெட்வொர்க் பெயருக்கு அதிகபட்சம் 32 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், தமிழ் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடாக எண்ணப்படும். ஆக, பத்துக் குறியீடுதான் அடங்கும்.

மயிலாப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதினால் ஆறெழுத்துதான். கணினிக் கணக்கில் ம, ய, இகர விசிறி, ல, கால், ப, புள்ளி, ப, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று பதினொன்று. 33 பைட். ஒரே ஒரு பைட்டில் கோட்டை விடுகிறது! 'மயிலை' என்று வைத்தால் 15 பைட்டில் முடிந்துவிடும். ஊர்ப்பெயரைச் சுருக்கும் பழக்கம் நமக்கு என்றைக்கோ வந்துவிட்டது, ரவுட்டருக்கும் அது தோதாக இருக்கிறது.

இருந்தாலும் விருந்தாளி நெட்வொர்க்குக்கு ஆங்கில எழுத்தே மேல் என்பது என் கட்சி. சில பழைய ரவுட்டர்கள் தமிழை வாங்கிக்கொள்வதில்லை. சில லேப்டாப்களில் பெயர் கட்டம் கட்டமாகத் தெரியும்.

ஐபோனில் வேலை செய்யவில்லையே?

செய்யாது. உங்கள் டேக்கிலும் கோளாறு இல்லை, ஐபோனிலும் கோளாறு இல்லை. ஆண்ட்ராய்டு 5 முதல் இந்த வைஃபைப் பதிவைப் போனே படித்து, சேரவா என்று கேட்கிறது. ஐபோன், டேக்கில் இணையதள முகவரி இருந்தால் திறக்கும். வைஃபைப் பதிவு இருந்தால் கண்டுகொள்ளாமல் போய்விடும். இதில் வேடிக்கை என்னவென்றால், ஐபோன் 7-உம் அதற்கு மேற்பட்டதும் ஐஓஎஸ் 13 முதல் டேக்கில் எழுத அனுமதிக்கின்றன. எழுதிக் கொடுக்கும், படிக்க மாட்டேன் என்னும்.

அதனால் டேக் பக்கத்திலேயே ஒரு க்யூஆர் கோடும் இருக்கட்டும். ஐபோனின் கேமரா ஐஓஎஸ் 11 முதலே, அதாவது 2017-லிருந்து, வைஃபை க்யூஆரைப் படிக்கிறது. கேமராவைக் காட்டினால் நெட்வொர்க்கில் சேர் என்று ஒரு பட்டை வரும், அதைத் தொட வேண்டியதுதான்.

உங்களிடமும் வந்தவரிடமும் ஐபோன் இருந்தால் டேக்கே வேண்டாம். இருவர் போனிலும் மற்றவரின் ஆப்பிள் மின்னஞ்சல் தொடர்புகளில் இருக்க வேண்டும். இரண்டும் அருகருகே இருக்கும்போது அவர் நெட்வொர்க்கைத் தொட்டால், பாஸ்வேர்டைப் பகிரவா என்று உங்கள் போன் கேட்கும்.

என் போனில் என்எஃப்சியே இல்லை என்றால்?

நம் ஊரில் விற்கும் குறைந்த விலைப் போன்கள் பலவற்றில் இல்லை. வெளிநாட்டில் விற்கும் அதே மாடலில் இருக்கும், இங்கே வருவதில் எடுத்திருப்பார்கள். அதற்கும் மருந்து மேலே சொன்ன க்யூஆர்தான்.

க்யூஆர் கோடு உருவாக்க எந்த இணையதளத்துக்கும் போய் உங்கள் பாஸ்வேர்டைத் தட்ட வேண்டாம். ஆண்ட்ராய்டு 10 முதல் போனிலேயே இருக்கிறது: செட்டிங்ஸில் வைஃபைக்குப் போய், சேர்ந்திருக்கும் நெட்வொர்க்கைத் தொட்டு, பகிர் என்றால் க்யூஆர் வரும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து லேமினேட் செய்துவிட்டால் தீர்ந்தது. ஒன்று மட்டும்: பல போன்களில் க்யூஆருக்கு அடியில் பாஸ்வேர்டும் எழுத்தாகவே இருக்கும். கடையில் கொடுக்கும் முன் வெட்டிவிடுங்கள்.

உண்மையைச் சொன்னால், எங்கள் வீட்டில் டேக்கைவிட க்யூஆர்தான் அதிகம் உழைக்கிறது. டேக் பெரியவர்களுக்கு. கேமராவைத் திறந்து, நடுங்காமல் பிடித்து, பட்டையைத் தொட்டு என்பதெல்லாம் அவர்களுக்குச் சரிப்படவில்லை. போனைப் பலகையில் வை என்றால் வைத்துவிடுகிறார்கள்.

எங்கே ஒட்டுவது?

இரும்பில் ஒட்டாதீர்கள். இதுதான் முதல் விதி, நான் மீறிய முதல் விதியும் இதுதான். வாங்கி வந்த உற்சாகத்தில் ஸ்டீல் பீரோ கதவில் ஒட்டினேன். ஒரு போனும் படிக்கவில்லை. போன் உண்டாக்கும் காந்தப்புலத்தை உலோகம் விழுங்கிவிடும், சுருளுக்கு மின்சாரம் வராது. ஃப்ரிட்ஜ், கிரில் கேட், அலுமினிய ஜன்னல் சட்டம் எல்லாவற்றிலும் இதே கதைதான். அங்கேதான் ஒட்டியாக வேண்டும் என்றால், பின்புறம் ஃபெரைட் படலம் வைத்த டேக் தனியாக விற்கிறது, உலோகத்தில் ஒட்டும் டேக் என்று கேட்டு வாங்க வேண்டும்.

மரம், பிளாஸ்டிக், கண்ணாடி, சுவர் எல்லாம் பிரச்சினையில்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒட்டினால்கூடப் படிக்கும். ஆனால் கிரானைட் பலகைக்கு அடியில் ஒட்டி, மாயம் காட்டலாம் என்று நினைக்காதீர்கள். கிரானைட் இரண்டு சென்டிமீட்டர் தடிமன், அதற்கு மேல் போனின் கவர் வேறு.

அப்புறம் போனை எப்படி வைப்பது என்பது. ஆண்ட்ராய்டு போன்களில் ஆன்டெனா முதுகின் நடுவிலோ கேமராவுக்கு அருகிலோ இருக்கும். ஸ்கிரீன் எரிந்துகொண்டிருக்க வேண்டும், லாக் திறந்திருக்க வேண்டும். பூட்டிய போனை வைத்துவிட்டு "வரலையே" என்பவர்கள்தான் எங்கள் வீட்டில் பாதிப் பேர். போன் கவருக்குள் கார்டோ, காந்தம் வைத்த மோதிர ஸ்டாண்டோ இருந்தாலும் தகராறு செய்யும்.

வெளி வாசல், படிக்கட்டு, லிஃப்ட் பக்கம் மட்டும் ஒட்ட வேண்டாம். காரணம் அடுத்த கேள்வியில்.

டேக்கில் இருக்கும் பாஸ்வேர்ட் ரகசியமாக இருக்குமா?

இருக்காது. பாஸ்வேர்ட் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறோம். டேக்கில் அது வெறும் எழுத்தாக, எந்தப் பூட்டும் இல்லாமல் இருக்கிறது. நீங்கள் எழுதப் பயன்படுத்திய அதே ஆப்பில் படி என்று கொடுத்தால் யாருக்கும் காட்டிவிடும். சேர்ந்துவிட்ட விருந்தாளியும் தன் போனிலிருந்து பகிர் என்று போட்டு அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.

ஆக, டேக் ஒட்டிய இடத்தில் பாஸ்வேர்டைச் சாக்பீஸால் எழுதியிருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி எழுதினால் எந்தச் சுவரில் எழுதுவீர்களோ அந்தச் சுவரில் ஒட்டுங்கள். கெஸ்ட் நெட்வொர்க் என்று நான் முதலில் அடம்பிடித்தது இதற்காகத்தான்.

டேக்கை யாராவது அழித்து எழுதிவிட முடியுமா? பூட்டலாமா?

பூட்டாத டேக்கில் யாரும் எழுதலாம். வீட்டில் யார் செய்யப்போகிறார்கள் என்றால், எங்கள் அக்கா பையன் செய்தான். எட்டாவது படிக்கிறான். டேக்கில் வைஃபையை எடுத்துவிட்டு ஒரு யூடியூப் வீடியோ முகவரியை எழுதிவைத்துவிட்டான். சித்தப்பா போனை வைத்ததும் குத்துப்பாட்டு அலறியது.

பூட்டும் வசதி ஆப்பிலேயே இருக்கிறது. ஆனால் அது நிரந்தரப் பூட்டு. ஒரு தடவை போட்டால் எந்த ஆப்பாலும், எந்தக் கடையிலும் திறக்க முடியாது. அந்த வீடியோ கூத்துக்குப் பிறகு கோபத்தில் புதுசாக எழுதிப் பூட்டினேன். பூட்டிய பிறகுதான் பார்த்தேன், பாஸ்வேர்டில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அந்த டேக் இப்போது புத்தகத்தில் பக்கம் அடையாளமாக இருக்கிறது.

பாஸ்வேர்டை மாற்றவே மாட்டேன் என்பவர் பூட்டுங்கள். மற்றவர்களுக்கு, டேக்கில் நான்கு பைட் ரகசியக் குறி வைக்கும் வசதி இருக்கிறது. அதை வைத்தால் படிப்பது எல்லோருக்கும் முடியும், எழுதுவது உங்களால் மட்டும் முடியும். அந்தக் குறியை மறந்துவிட்டால் பழையபடி பக்கம் அடையாளம்தான்.

சேரவா என்று கேட்கிறது, சேரவும் செய்கிறது, ஆனால் நெட் வரவில்லை. ஏன்?

முதலில் ரவுட்டரின் சிவப்பு விளக்கைப் பாருங்கள். மழைக்காலம் என்றால் வெளியே எங்கோ ஃபைபர் அறுந்திருக்கும், டேக்கைத் திட்டிப் பயனில்லை.

மற்றவர்களுக்கு வந்து ஒருவருக்கு மட்டும் வரவில்லை என்றால், ரவுட்டரில் மேக் முகவரி (நெட்வொர்க்கில் ஒரு போனை அடையாளம் காட்டும் எண்) வடிகட்டி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இன்ன போன் மட்டும்தான் வரலாம் என்று பட்டியல் போடும் பழக்கம் முன்பு இருந்தது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் வேறு வேறு மேக் முகவரியைக் காட்டுகின்றன. அந்தப் பட்டியலால் இப்போது உங்களுக்கே தொல்லைதான், எடுத்துவிடுங்கள்.

சேரவே மறுக்கிறது என்றால் ரவுட்டர் டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு வகை மட்டும் என்று இருக்கலாம். டேக்கில் எழுதும் வைஃபைப் பதிவு அதற்கு முந்தைய காலத்து வடிவம், அதில் டபிள்யூபிஏ3-க்கு இடமில்லை. கெஸ்ட் நெட்வொர்க்கை டபிள்யூபிஏ2 என்றோ, இரண்டும் கலந்தது என்றோ மாற்றுங்கள்.

கரண்ட் போனால்?

டேக் வேலை செய்யும். வைஃபைதான் இருக்காது. ரவுட்டருக்கென்று 12 வோல்ட் மினி யுபிஎஸ் விற்கிறது, அதை மாட்டியதிலிருந்து எங்கள் வீட்டில் ஃபேன் நின்றாலும் வாட்ஸ்அப் நிற்பதில்லை.

கெஸ்ட் நெட்வொர்க்கில் சேர்ந்தவர் டிவியில் போட்டோ போட முடியவில்லை என்கிறார்.

முடியாது, அதற்காகத்தானே பிரித்து வைத்தோம். போனிலிருந்து டிவிக்கு அனுப்ப இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து மார்கழிக் கச்சேரிக்கு வந்த தங்கை, கல்யாண போட்டோவை எல்லாருக்கும் டிவியில் காட்ட வேண்டும் என்று நின்றாள். அவள் போனை மட்டும் முதன்மை நெட்வொர்க்கில் நானே சேர்த்துவிட்டேன். ஊருக்குத் திரும்பும் முன் அவள் போனிலிருந்து நெட்வொர்க்கை நீக்கியும் விட்டோம். இன்னொரு வழி, டிவியையே கெஸ்ட் பக்கம் மாற்றுவது. ஆனால் ஒரு சாதனத்திலிருந்து இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி கெஸ்டுக்குள்ளேயே தடுத்துவைக்கும் ரவுட்டர்கள் நிறைய உண்டு. அதில் இந்த வழி எடுபடாது.

மாடியில் குடியிருப்பவருக்கும், பக்கத்து பிளாட்டுக்கும் டேக் கொடுக்கலாமா?

ஒரு நாள் அவர்கள் வீட்டு நெட் போனால் கொடுங்கள், அது அக்கம்பக்கம். நிரந்தரமாகக் கொடுப்பது வேறு சங்கதி. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, அந்த இணைப்பின் ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் அதன் அடையாள எண்) என்ன நடந்தாலும் முதலில் தட்டப்படுவது அவர் கதவு. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அதன் தடத்தைப் பிடித்துப் போன போலீஸ் போய் நின்றது நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கர் வீட்டில். அவர் வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பின்னால்தான் தெளிவானது. அதுவரை அவர் பட்ட பாடு நாடறியும்.

காசு வாங்கிக்கொண்டு பங்கு போடுவது இன்னும் சிக்கல், வீட்டு இணைப்பை அப்படி விற்கக் கூடாது. டீக்கடையிலோ தங்கும் விடுதியிலோ வைஃபை விற்க ஆசை என்றால், மத்திய அமைச்சரவை 2020 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்த பிஎம்-வாணி என்ற பொது வைஃபைத் திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்து முறைப்படி செய்யலாம்.

பாஸ்வேர்டை மாற்றினால் டேக் தானாக மாறுமா?

மாறாது. டேக்குக்கும் ரவுட்டருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ரவுட்டரில் மாற்றியதும் டேக்கில் மறுபடி எழுத வேண்டும், க்யூஆரும் புதிதாக அச்செடுக்க வேண்டும். டேக்கைப் பிய்த்துவிட்டால் பழைய விருந்தாளிகளின் இணைப்பு போய்விடும் என்றும் சிலர் நினைக்கிறார்கள். போகாது, அவர்கள் போனில் பாஸ்வேர்ட் பதிவாகிவிட்டது. அடுத்த தடவை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சேர்ந்துவிடும். வேண்டாதவரை வெளியேற்றப் பாஸ்வேர்டை மாற்றுவதே வழி.

நான் வருடத்துக்கு ஒருமுறை, கொலுப்படி கட்டுவதற்கு முந்தைய நாள் மாற்றுகிறேன். படிக்கட்டுத் தூசி தட்டும் கையோடு இதுவும் ஆகிவிடும்.

வாடகை வீடு. வீடு மாறும்போது டேக்கை எடுத்துப் போகலாமா?

சுவரில் ஒட்டியிருந்தால் கஷ்டம். பிய்க்கும்போது பசையோடு சுருளும் கிழிந்துவிடும், கிழிந்த டேக் செத்த டேக். அப்படியே விட்டுவிட்டும் போகாதீர்கள். புது வீட்டிலும் அதே பெயர், அதே பாஸ்வேர்டைத்தான் வைக்கப்போகிறீர்கள் என்றால், அதைப் படித்துச் சொல்ல பழைய வீட்டில் ஒன்று உட்கார்ந்திருக்கும். கிளம்பும் முன் கத்தரிக்கோல் முனையால் சுருளை ஒரு கீறு கீறிவிடுங்கள்.

இதற்குத்தான் சுவரில் ஒட்டாமல் ஏதாவது சின்ன மரத்துண்டில் ஒட்டச் சொல்கிறேன். எங்கள் பலகைகூட சுவரோடு சேர்ந்ததில்லை, இரண்டு ஆணியில் தொங்குகிறது. கழற்றி டெம்போவில் போட்டுக்கொண்டு போய், புது வீட்டில் ரவுட்டருக்கு அதே பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் டேக்கைத் தொடவே வேண்டாம். பால் காய்ச்ச வருகிறவர்களுக்கு அன்றைக்கே வைஃபை கிடைக்கும், ஃபைபர்காரர் சொன்ன நாளில் வந்திருந்தால்.